சென்னைப் புழுக்கத்தில் கார் ஷெட் சைக்கிள் பயிற்சி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சாலை சைக்கிள் வைத்திருக்கும் சென்னைவாசிகள் பலரும் இருட்டு விலகுவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், அலுவலக வேலை இடம் கொடுக்காத வாரங்களிலும் அது முடியாது என்பதால், எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் உள்ள கார் ஷெட்டின் ஒரு பக்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி இடமாக மாற்றினேன். இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் ஊர்களில் இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்குக் கார் ஷெட்டின் குளிர்தான் சிக்கல். நமக்குச் சிக்கல் நேரெதிரானது. எந்த டிரெய்னர் (சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் காற்றுக்கு வழி செய்யுங்கள், டிரெய்னரைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் மட்டுமே பெடலுக்குப் போகிறது. மீதி அனைத்தும் வெப்பமாகிறது. 200 வாட்டில் மிதிப்பவரின் உடல் 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதாவது, மணிக்கு ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட இந்தக் கணக்கு நேராகிவிடும். ஆனால் அது தோலின் மேலேயே ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதே வேகத்தில் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. மூடிய ஷெட்டில், கடலோர ஈரப்பதத்தில், அந்தக் காற்றை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

இப்போது முன்பக்கம் 24 அங்குல பெடஸ்டல் ஃபேன் ஒன்று நெஞ்சை நோக்கியும், பின்பக்கம் சிறிய டேபிள் ஃபேன் ஒன்று முதுகை நோக்கியும் ஓடுகின்றன. ஃபேன் மட்டும் இருந்தால் அறைக்குள் இருக்கும் ஈரக் காற்றே சுற்றிச் சுற்றி வரும் என்பதால், ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, எதிர்ச் சுவரின் மேற்பகுதியில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியிருக்கிறேன். ஷட்டர் திறந்திருப்பதால் கொசு வரத்தான் செய்கிறது. பெரிய ஃபேன் ஓடும் வரை அது உடலில் உட்காருவதில்லை, நிறுத்திய மறுநிமிடம் வந்துவிடுகிறது. ஏ.சி. போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அடியிலும் பக்கவாட்டிலும் இடைவெளி உள்ள ஷட்டர் அறையைக் குளிரூட்டுவது மின் கட்டணத்தை ஏற்றுவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

நேரமும் முக்கியம். மேல்தளத்தின் கான்கிரீட் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை கக்குவதால், விடியற்காலை ஐந்து மணிதான் ஷெட் சற்றுத் தணிந்திருக்கும் நேரம். மாலையில் ஓட்டுவதானால், அப்போதுதான் வந்து நின்ற காரின் எஞ்சின் சூடும் சேர்ந்துகொள்ளும்; காரை வெளியே நிறுத்திவிட்டு, புகை முழுவதும் போன பிறகே மிதிக்கத் தொடங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கத்திரி வெயில் நாட்களில் அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அப்போது வாட் இலக்கைப் பிடித்துத் தொங்காமல், துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதே சரி. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு உப்புப் போட்ட மோர் போதுமானதாக இருக்கிறது.

உடலுக்கு அடுத்தபடியாக அடி வாங்குவது சைக்கிள்தான். சாலையில் காற்று அடித்துச் செல்லும் வியர்வை, இங்கே நேராக ஹேண்டில்பார் மீதும், அதைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் மீதும் விழுகிறது. பார் டேப்பை மாற்றுவதற்காகப் பிரித்தபோது, அலுமினியக் குழாயின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதைத் துணியால் துடைத்ததும், உள்ளே ஊசி குத்தியதைப் போன்ற சிறு குழிகள் தெரிந்தன. உப்பு அரித்த இடம் அது. அத்தகைய ஹேண்டில்பாரைச் சாலையில் நம்பி ஓட்டக் கூடாது என்பதால் உடனே மாற்றிவிட்டேன். ஸ்டெம் போல்ட்டுகளின் தலையிலும் துரு ஏறியிருந்தது. இப்போது பயிற்சிக்கென்று பழைய அலுமினிய ஃபிரேம் சைக்கிள் ஒன்றை நிரந்தரமாக அங்கேயே பூட்டி வைத்திருக்கிறேன். ஹேண்டில்பாரின் குறுக்கே துண்டு ஒன்றை விரித்து, முடித்தவுடன் ஈரத்துணியால் துடைத்து, போல்ட்டுகளுக்குக் கிரீஸ் வைக்கிறேன். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, அதிலும் போல்ட்டுகள் உலோகம்தானே.

டிரெய்னரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செயினை மாட்டும் டைரக்ட் டிரைவ் வகை இது. டயர் தேய்வதில்லை, வழுக்குவதில்லை, சத்தமும் குறைவு. வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளின் ஆக்சில் அளவுக்குரிய அடாப்டர் உள்ளதா என்றும், கேசட் (செயின் ஓடும் பின்புறப் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எர்க் முறையில் நாம் எந்த வேகத்தில் மிதித்தாலும் வாட் மாறாதபடி டிரெய்னரே எதிர்ப்பைச் சரிசெய்துகொள்ளும். கடினமாகவும் எளிதாகவும் மாறி மாறி மிதிக்கும் இடைவெளிப் பயிற்சிக்கு அது மிகவும் வசதி. களைத்துப்போய் மிதிக்கும் வேகம் குறைந்தால் எதிர்ப்பு கூடிக்கொண்டே போய்க் கால் அப்படியே நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் போனால் என் டிரெய்னரின் எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போய், கால் காற்றில் சுழலும். அதனால் டிரெய்னரையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிட்டேன். கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை சரியாக வராததால் ஷெட்டுக்குத் தனியாகக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. மடிக்கணினியுடன் டிரெய்னரின் தொடர்பு அடிக்கடி அறுந்தால், டிரெய்னரைக் குறை சொல்வதற்கு முன் ஆன்ட் பிளஸ் டாங்கிளை (டிரெய்னரின் கம்பியில்லா சிக்னலைப் பெற மடிக்கணினியில் செருகும் சிறு கருவி) ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி டிரெய்னருக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அதுவும் வைஃபையும் ஒரே 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்வதுண்டு.

கடைசியாக, மழை நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருத் தண்ணீர் ஷெட்டுக்குள்ளும் வந்தது. முந்தைய நாளே டிரெய்னரை மாடிக்குத் தூக்கிவிட்டதால் அது தப்பியது; கனத்த ஃப்ளைவீல் கொண்ட அதை ஒருவரே படியேற்றுவது முதுகுக்கு நல்லதல்ல, இருவர் பிடிக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து, தரையை ஒட்டியிருந்த பிளக் பாயின்ட்டை நெஞ்சு உயரத்துக்கு மாற்றச் சொன்னேன். ரப்பர் மேட்டை மட்டும் இப்போதும் அக்டோபர் பிறந்ததும் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிடுகிறேன். ஒருமுறை ஊறிய மேட்டின் அடிப்புற நாற்றம் எந்த வெயிலிலும் போவதில்லை.