பட்டிமன்றமா, வட்ட உரையாடலா? முதலாம் ஆண்டு வகுப்பில் அரசியல் பேசும் இரண்டு வழிகள்

61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 1989 முதல் வாக்குரிமை வயது 18 ஆகிவிட்டதால், கல்லூரியில் சேரும் ஆண்டிலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ நம் மாணவர்கள் வாக்காளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். ஆகவே, மாற்றுக் கருத்துள்ளவரை மதிக்கப் பழக்குவதற்கு அரசியலையே பாடமாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்று கருதுகிறேன். தருமபுரியில் பாடம் நடத்தும் நான் பட்டிமன்றம், வட்டமாக அமர்ந்து பேசும் உரையாடல் ஆகிய இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டு, இப்போது முதலாம் ஆண்டுக்கு இரண்டாவதையே வைத்திருக்கிறேன்.

பட்டிமன்றத்தின் நன்மைகளை விளக்கத் தேவையில்லை. மேடைக் கூச்சம் போகும், தமிழ் சரளமாகும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் அணி பிரித்துக் கொடுப்பதால் பேசுபவரின் சொந்தக் கருத்து கடைசிவரை தெரிவதில்லை. எதிரணியின் பேச்சையும் மடக்குவதற்காக மட்டுமே கேட்கிறார்கள். நடுவர் நாற்காலியில் ஆசிரியர் அமர்ந்தால் தீர்ப்பும் சொல்லியாக வேண்டும். நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்ட அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு அரசியல் தலைப்பில் அது வேண்டாத வம்பு.

வட்ட உரையாடலில் ஒரே ஒரு விதிதான். மறுத்துப் பேச விரும்புபவர், முன்னவர் சொன்னதைத் தம் சொற்களில் முதலில் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. என் சாய்வுக்கு முழுக் காரணமும் இந்த விதியே.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையைத் தலைப்பாக வைத்திருந்தோம். 2018-இல் நிலம் அளக்கத் தொடங்கியதும், 2019-இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றதும் இங்குள்ள பலருக்கு வீட்டுச் செய்தி. சாலை வந்தால் தொழிற்சாலைகள் வரும் என்று ஓசூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் பேசினார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மாணவி கிணற்றைப் பற்றிப் பேசினார். "இழப்பீடு போதாது என்கிறார்" என்று மாணவர் சுருக்கியபோது அவர் தலையசைத்து மறுத்தார். "நிலத்தின் மேல் பாசம் என்கிறார்" என்றதற்கும் அதே பதில். மூன்றாம் முறைதான், "கிணறு இருக்கும் மூலை சாலைக்குப் போனால், மிச்சமிருக்கும் நிலத்துக்குப் பாய்ச்சத் தண்ணீர் இருக்காது என்கிறார்" என்று சரியாக வந்தது. மாணவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எதை மறுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு மறுத்தார். எனக்கு வேண்டியதும் அவ்வளவே.

காவிரி போன்ற தலைப்புகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளிலிருந்து வருபவர்களில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள் உண்டு. 2008-இல் கர்நாடகத்தில் எதிர்ப்பைச் சந்தித்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பட்டிமன்றத் தலைப்பாக்கினால், யாரும் சொல்லாமலே அவர்கள் எதிரணி ஆகிவிடுவார்கள். வட்டத்தில் அவரவர் தமக்காக மட்டும் பேசினால் போதும்.

குறைகளும் இருக்கின்றன. அறுபது பேர் வகுப்பில் ஒரே வட்டம் போட முடியாது. பதினைந்து பேர் பேச, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டு, மூன்று கருத்துகளைத் தாண்டுவதில்லை. இடஒதுக்கீட்டையும் சாதியையும் நான் இன்னும் வட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. மூன்று கூட்டங்களாவது பழகாத மாணவர்களிடம் அந்தச் சுமையை இந்த விதி தாங்கும் என்று உறுதி கூற மாட்டேன். கட்சிப் பெயர்களையும் தலைவர்களின் பெயர்களையும் முதல் பருவத்தில் தவிர்ப்பது நல்லது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் வாரங்களில் இந்த வகுப்பையே தள்ளிவைத்துவிடுகிறேன்.

பட்டிமன்றத்தைக் கல்லூரி நாள் விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கும் தலைப்பு அரசியலாக இருந்தால், தீர்ப்புக்குப் பதிலாக, ஒவ்வோர் அணித் தலைவரும் எதிரணியின் வலுவான வாதம் ஒன்றைத் தொகுத்துச் சொல்லி முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.