நிமிர்த்தி வைத்த பெடல்கள்: ரேக்கில் ஏற்றுவதற்குச் செலவு குறைந்த வழிகள்

எஃபெக்ட் பெடல் என்பது இசைக் கருவியின் ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டி; கிடார்க்காரர் காலால் மிதிப்பதற்குச் செய்தது. சிந்தசைசர் வாசிப்பவருக்கோ அது கையால் திருகும் கருவி. எதிரொலி தரும் அனலாக் டிலே பெடலின் நேரக் குமிழை வாசித்துக்கொண்டே மெல்லத் திருப்பினால் எதிரொலியின் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். ஃபீட்பேக்கை, அதாவது எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவை, கூட்டிக்கொண்டே போனால் பெடல் தானாகவே ஊளையிடத் தொடங்கும். இந்த விளையாட்டுக்காகத்தான் அனலாக் பெடலுக்குப் பணம் கொடுக்கிறோம். ஆகவே ரேக்கில், அதாவது சாதனங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிவைக்கும் சட்டத்தில், பெடலைப் பொருத்தும் எந்த வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: வாசிக்கும்போது கை குமிழுக்குப் போகிறதா, இல்லையா?

இசைக் கருவிக் கடைகளில் பெடலுக்கென்றே விற்கும் ரேக் தட்டுகளின் விலையைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். கணினி நெட்வொர்க் சாதனங்களை வைக்கும் ரேக்கும் ஒலிப்பதிவுக் கூடத்து ரேக்கும் அளவில் ஒன்றுதான். முகப்பு 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ.; உயரத்தை ‘யு’ என்ற அலகில் சொல்வார்கள், 1யு என்றால் 44.45 மி.மீ. எனவே சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண நெட்வொர்க் தட்டே நமக்குப் போதும். காற்றுப்போக்குக்காக வெட்டிய நீளத் துளைகள் கேபிளைக் கட்டவும் உதவும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நெட்வொர்க் ரேக்கில் துளைகள் சதுரமாக இருக்கும்; அதற்குள் செருகும் எம்6 கேஜ் நட்டு தனியாக வாங்க வேண்டும். இசைக்கான ரேக்குகள் பலவற்றில் மரை வெட்டிய வட்டத் துளைகளே இருக்கும்.

முதலில் எல்லாரும் செய்வது பெடல்களைத் தட்டில் படுக்க வைத்து வெல்க்ரோவால் ஒட்டுவது. ரோலண்டின் துணை நிறுவனமான பாஸ் தயாரிக்கும் சிறு பெடல் 59 மி.மீ. உயரம், 2யு இடத்தில் அடக்கமாக உட்காரும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் குமிழ்கள் கூரையைப் பார்க்கும். மேலே இன்னொரு சாதனம் வந்துவிட்டால் விரலை நுழைத்துத் தடவித்தான் திருக வேண்டும். மேசைக்குக் கீழே நிற்கும் குட்டை ரேக்கின் உச்சித் தட்டுக்கு மட்டும் இது சரி. இழுப்பறை வகையும் இப்படித்தான். இழுத்தால்தான் தெரியும் என்ற பெடலை நாளடைவில் யாரும் இழுப்பதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் கேபிள்கள் படும் பாடு வேறு.

என்னிடம் சில ஆண்டுகளாக நிலைத்திருப்பது பெடல்களை நிமிர்த்தி, குமிழ்கள் முன்பக்கம் பார்க்கும்படி நிறுத்தும் ஏற்பாடு. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பாஸ் பெடலின் நீளம் 129 மி.மீ.; 3யு என்பது 133 மி.மீ. ‘அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறதே’ என்று துள்ள வேண்டாம். மின்சாரம் கொடுக்கும் துளை பெடலின் மேல் விளிம்பில் இருக்கிறது. அங்கே வளைந்த பிளக்கைச் செருகினாலும் அந்த நான்கு மி.மீ. போதாது. ஆக, 4யு ஒதுக்குங்கள். அகலத்திலும் இதே சிக்கல்தான். ரேக்கின் உள்ளகலம் ஏறத்தாழ 450 மி.மீ., பெடலின் அகலம் 73 மி.மீ. ஆறு நிற்கும் போலத் தோன்றும். ஆனால் ஒலி நுழைவதும் வெளியேறுவதும் இருபக்கவாட்டில். தட்டையான பிளக் ஒவ்வொன்றும் 15 மி.மீ. தின்றால் நான்கோடு வரிசை முடிந்துவிடும். எல்லாத் துளைகளும் மேல் விளிம்பில் உள்ள சிறு பெட்டிப் பெடல்கள் என்றால் அதே இடத்தில் ஆறு நிற்கும். ரேக்குக்காகவே பெடல் வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

நிமிர்ந்த பெடல்களைத் தாங்கும் பின்தகட்டைத் தகர வேலை செய்யும் பட்டறையில் 3 மி.மீ. அலுமினியத்தில் வெட்டி, மேலும் கீழும் விளிம்பை மடித்து வாங்கினேன். 2 மி.மீ. போதும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். தூக்கி நிறுத்த அது போதும். ஆனால் பெடலைக் கட்டை விரலால் அழுத்தி இயக்கும் ஒவ்வொரு முறையும் தகடு பின்னால் குழியும். நிமிர்ந்து நிற்கும் பெடலுக்கு வெல்க்ரோவும் ஆகாது. சித்திரை வெயிலில் பசை இளகிப் பெடல் மெல்லக் கீழே இறங்கும். இதற்குக் கிடார்க்காரர்கள் கண்டுபிடித்த பழைய மருந்து ஒன்று உண்டு: சைக்கிள் சங்கிலி. கடையில் கழித்துப்போட்ட சங்கிலியிலிருந்து பக்கத் தகடுகளைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள் இருக்கும். பெடலின் அடித்தகட்டை இறுக்கும் மூலைத் திருகைக் கழற்றி, ஒரு துளை வழியாக அதையே மறுபடி இறுக்குங்கள். மறு துளையில் சின்ன போல்ட் போட்டுப் பின்தகட்டோடு பிணைத்துவிடுங்கள். நான்கு மூலைக்கு நான்கு துண்டு. அடி ரப்பரைப் பிய்க்க வேண்டாம். நாளை விற்க நினைத்தால் பெடலில் ஒரு கீறல் இராது.

பெடலின் உள்ளுறுப்புகளைக் கழற்றி ரேக் முகப்பில் மாற்றிப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறிப்பாக மூகர்ஃபூகர் போன்ற அனலாக் பெடல்களில். சிந்தசைசர் முன்னோடி பாப் மூக் 1998இல் தன் பிக் பிரையர் நிறுவனத்தின் பெயரில் கொண்டுவந்த வரிசை அது. 2018இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதில் துளை போடுகிறவரை நான் மன்னிக்க மாட்டேன். அதற்கு அவசியமும் இல்லை. ஒலி, மின்சாரம், கட்டுப்பாட்டு மின்னழுத்தம் எல்லாம் பின்விளிம்பிலேயே இருப்பதால் இரண்டை ஒட்டினாற்போல் வைக்கலாம். நண்பர் ஒருவர், முன்னால் விளிம்பு மடித்த சாய்வுத் தட்டில் மரப் பக்கங்களோடு அப்படியே உட்கார வைத்திருக்கிறார். கனமான பெட்டி என்பதால் அசைவதில்லை.

மிச்சம் பிடித்த பணத்தை மின்சாரத்தில் போடுங்கள். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தால், டிஜிட்டல் ரிவெர்ப் பெடல் ஒன்றின் கீச்சொலி பக்கத்து அனலாக் கோரஸ் பெடலில் கேட்கும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அடாப்டர்தான் தீர்வு. ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிவிட வேண்டாம். நான் வாங்கிய ஒன்றில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது; மல்டிமீட்டரின் இரு முனைகளை இரண்டு வெளியீட்டு பிளக்குகளின் வெளிவளையத்தில் வைத்ததும் ‘பீப்’ என்றது. எல்லாம் உள்ளே ஒரே கம்பி. கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். இன்னொன்று: பாஸ் பெடலுக்கு பிளக்கின் நடுமுனை எதிர்முனை, மூகர்ஃபூகருக்கு நேர்முனை. இரண்டும் 9 வோல்ட்தான். மாற்றிச் செருகினால் பெடல் புகையக்கூடும். நேர்முனைக் கேபிளில் இரண்டு பக்கமும் சிவப்பு டேப் சுற்றிவைத்திருக்கிறேன்.

ஒலியளவும் கவனிக்க வேண்டியது. ஒலிப்பதிவுக் கூடத்துச் சாதனங்கள் +4 டிபியு (ஒலி மின்னழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் பேசுகின்றன. பாஸ் பெடல்கள் பெரும்பாலும் −20 டிபியுவை எதிர்பார்க்கின்றன. இருபத்து நான்கு டெசிபல் வித்தியாசத்தை அப்படியே ஊட்டினால் டிலே கரகரக்கும். மிக்சரிலிருந்து பெடலுக்கு ஒலியை அனுப்பும் ஆக்ஸ் வெளியீட்டைக் குறைத்து அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெடல்களின் எல்லா முனைகளையும் ரேக்கின் பின்னால் 1யு பேட்ச்பேயில் (இணைப்புத் துளைகளை ஒரே இடத்தில் வரிசையாகத் தரும் பலகை) நிரந்தரமாக இணைத்துவிட்டால், பக்கவாட்டு பிளக்குகளைத் தொடவே வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்கும் பெடலில் முதலில் தளர்வது அந்தத் துளைகள்தான். கடற்காற்று அடிக்கும் ஊரில் அவை பச்சை பூக்காமல் இருக்க, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை கான்டாக்ட் கிளீனர் தெளித்து பிளக்கைச் செருகி எடுத்தால் போதும்.

பாதத்தால் முன்னும் பின்னும் அசைத்து ஒலியை மாற்றும் வாவா பெடலை மட்டும் தரையிலேயே விட்டுவிடுங்கள். இண்டக்டர் (கம்பிச் சுருள்) உள்ள வகையென்றால், ரேக்கில் பக்கத்திலிருக்கும் மின்மாற்றியின் ரீங்காரத்தை அது அப்படியே பிடித்துக்கொள்ளும்.