கிளஸ்டர் நெட்வொர்க் கோளாறு: கவுன்டரா, பாக்கெட் பிடிப்பா?

கிளஸ்டரில், அதாவது ஒன்றாக வேலை செய்யும் கணினிகளின் கூட்டத்தில், ஒரு நோடு (கணினி) திடீரென்று மற்றவற்றின் கண்ணிலிருந்து மறைந்தால், பலருக்கும் கை உடனே டிசிபிடம்ப் (tcpdump: நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பிடித்துக் காட்டும் கருவி) பக்கம்தான் போகும். நான் முதலில் கவுன்டர்களை (நெட்வொர்க் கார்டு வைத்திருக்கும் பாக்கெட், பிழை எண்ணிக்கைகள்) பார்க்கச் சொல்வேன். ஈத்டூல் (ethtool) கட்டளை காட்டும் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ டிரான்ஸீவரையோ (கேபிள் முனையில் சிக்னலை மாற்றும் பாகம்) சந்தேகப்படலாம். கவுன்டர்களைப் படிப்பதால் கணினிக்குப் பெரிய சுமை இல்லை. எல்லா நோடுகளிலும் நாள் முழுக்கச் சேகரிக்கலாம்.

ஆனால் எந்தச் செய்தி தொலைந்தது, யார் யாருக்கு அனுப்பியது என்பது கவுன்டரில் தெரியாது. அதற்குப் பாக்கெட்டைப் பிடித்தே ஆக வேண்டும், அதுவும் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில். இங்கே கிளம்பியது அங்கே வந்து சேரவில்லையென்றால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் நடுவழி. நோடுகளில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 பைட், நடுவிலுள்ள சுவிட்சில் 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'உயிரோடு இருக்கிறேன்' என்று நோடுகள் அனுப்பும் சிறிய ஹார்ட்பீட் போய்ச் சேர்ந்துவிடும், பெரிய தரவு மட்டும் நின்றுவிடும். பிடித்துப் பார்த்தால், அதே பெரிய பாக்கெட் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவது பளிச்சென்று தெரியும்.

சரி, எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கலாமா? 10 கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் நொடிக்குச் சுமார் 1.25 கிகாபைட் குவியும். அதனால் தேவையான போர்ட்டை மட்டும் எடுக்கும் ஃபில்டர் போட்டு, ஹெடரை (பாக்கெட்டின் தொடக்கத்திலுள்ள முகவரிப் பகுதி) மட்டும் பிடியுங்கள். அப்புறம், இரு நோடுகளின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்; இல்லையென்றால் இரண்டு முனையிலும் பிடித்ததை ஒப்பிடுவது கடினம்.