பேப்பர் குச்சியா, பட்டு முந்தானையா?

கூடத்துச் சுவர் வெறிச்சென்று கிடக்கிறது, காசும் பெரிதாக இறக்கக் கூடாது. சுவரை அலங்கரிக்க வீட்டிலேயே தேடினால் ஐந்து சாமான்கள் போட்டிக்கு வரும்: பழைய செய்தித்தாள், சேர்ந்துபோன கல்யாணப் பத்திரிகைகள், கிழிந்த பட்டுப்புடவை, கொட்டாங்கச்சி, பரணில் கிடக்கும் சிடிகள். கைவேலை வீடியோவில் ஐந்தும் அழகுதான். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு அதே சுவரைக் காட்டும் வீடியோ என் கண்ணில் பட்டதில்லை. என் மதிப்பெண் அந்த மழைக்காலத்துக்குத்தான்.

சிடியை முதலிலேயே கழித்துவிடுகிறேன். 12 சென்டிமீட்டர் வட்டம், வழவழப்பான பிளாஸ்டிக், ஃபெவிகால் பிடிக்காது. இரட்டைப் பக்க டேப் வாங்க வேண்டும், கழற்றும்போது அது பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். துண்டுகளாக வெட்டப் போனால் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

செய்தித்தாள் குச்சிக்கு ரசிகர்கள் அதிகம். ஒரு தாளை நாலாகக் கிழித்து, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையோ ஈர்க்குச்சியையோ மூலையில் வைத்துச் சாய்வாக உருட்டி, கடைசி முனையில் மட்டும் பசை தொட்டால் ஒரு குச்சி தயார். ஒரு குச்சிக்கு இரண்டு நிமிடம். கண்ணாடியைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி இடைவெளி விட்டு வைத்தாலும் 40 குச்சியாவது வேண்டும். உருட்டவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை, டிவி பார்த்துக்கொண்டே உருட்டிவிடலாம். செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இந்தத் தாள் பெயின்ட்டை அப்படியே குடிக்கும். இரண்டு கோட்டாவது அடித்து, மேலே வார்னிஷும் பூச வேண்டும். ‘சும்மா கிடந்த பேப்பர்’ என்ற பேச்சு அங்கே அடிபட்டுப்போகிறது. பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் நாலு காசாவது கிடைத்திருக்கும்.

பெயின்ட் அடிக்காமல் எழுத்துத் தெரிய விட்டால் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும். தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் செய்கிற வேலை அது. முதலிலேயே டீ டிகாஷனைத் தொட்டுத் தடவிப் பழுப்பாக்கிவிட்டால், பின்னால் வரும் மஞ்சள் உறுத்தாது. பசைச் செலவை மிச்சம் பிடிக்க மைதா காய்ச்சினால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும். பைண்டிங் செய்பவர்கள் இதற்காகவே பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குச்சி நமுத்துத் தொங்குவதற்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை.

கல்யாணப் பத்திரிகை இதைவிடக் கெட்டி. அட்டை தடிமன், தங்க அச்சு, நல்ல சிவப்பு, பெயின்ட்டே வேண்டாம். பிள்ளையார் படம் இருப்பதால் குப்பையில் போட மனம் வராமல் எல்லார் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். பிள்ளையாரை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டினாலே ஒரு சட்டம் நிறையும். பளபளப்பான பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை என்றால் ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அவசரமாக ஒரு சுவரை நிரப்ப இதைவிடச் சுலபமானது இல்லை.

கொட்டாங்கச்சிக்கு ஆயுள் கெட்டி. ஆனால் நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி மினுக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். உள்ளே தேங்காய்ப் பருப்பு ஒட்டியிருந்தால் எறும்பு வரும். சுவரை விட்டுத் துருத்தி நிற்கும் எதற்குப் பின்னாலும் பல்லி குடியேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் ஓட்டு பட்டுக்குத்தான். மடிப்பிலேயே வைத்து மறந்த புடவை மடிப்போடு கிழியும். முந்தானையும் பார்டரும் பெரும்பாலும் தப்பித்திருக்கும். கத்தரி வைக்குமுன் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்புண்டு. பழைய பட்டு வாங்குகிற கடையில் விலை கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். வெள்ளை நூல் தெரிந்தால் தயங்காமல் வெட்டலாம்.

பின்பலகைக்கு, தாளெல்லாம் கிழித்து முடித்த தினசரி காலண்டர் அட்டை போதும். அளவு சரியாக இருக்கும், மாட்டுவதற்கு மேலே ஓட்டையும் உண்டு. பட்டில் பசை தடவக் கூடாது, முன்பக்கம் கறையாக ஊறித் தெரியும். துணியை அட்டைக்குப் பின்னால் மடித்து, ஊசி நூலால் இரு ஓரங்களையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்துக் கட்டினால் சுருக்கமில்லாமல் நிற்கும். ஒரு மணி நேர வேலை. செலவு நூல் மட்டுமே. வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் சாயம் வெளுக்கும், அதைத் தவிர்க்க வேண்டும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். குச்சி இடுக்கில் அது நடக்காத காரியம்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்களே என்றால், காலண்டர் ஆணி ஏற்கனவே இருக்கிறது. ஜனவரி பிறந்து புதுக் காலண்டர் வரும்போதுதான் இரண்டில் எதற்கு அந்த ஆணி என்று வீட்டில் பஞ்சாயத்து கூடும்.