அரங்கத்தின் பெயரில் டிக்கெட் விற்கும் போலிப் பக்கம்: மும்பைத் தமிழர்கள் கவனத்திற்கு

மும்பையின் பெரிய அரங்கம் ஒன்றின் பெயரைத் தாங்கி, அங்கு வரவிருக்கும் கச்சேரிகள், இசை நாடகங்கள், நகைச்சுவை நாடகங்கள் அனைத்துக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் தருவதாகச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்று சில மாதங்களாக உலவி வருகிறது. அதை நடத்துபவர்களுக்கும் அந்த அரங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதில் பணம் கட்டி நாங்களும், செம்பூரில் எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பமும் ஏமாற்றப்பட்டோம். புகார் நிலுவையில் இருப்பதால் அந்தப் பக்கத்தின் பெயரையும் அரங்கத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் இதே வேலையை எந்த அரங்கத்தின் பெயரை வைத்தும் செய்யலாம் என்பதால், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மோசடி ஏன் எளிதில் பலிக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓர் அரங்கத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் அந்த அரங்கமே நடத்துவதில்லை. சண்முகானந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் தொடங்கிய சபா அது. 1963-ல் எழுந்த அரங்கம் 1990-ல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டு 1998-ல் திறக்கப்பட்டது. அங்கே சபாவே நடத்தும் கச்சேரிகளும் உண்டு, அரங்கை வாடகைக்கு எடுத்து வெளியார் நடத்தும் நிகழ்ச்சிகளும் உண்டு. நரிமன் பாயின்ட்டில் உள்ள தேசிய நிகழ்கலை மையமான என்.சி.பி.ஏ.விலும் அப்படித்தான். வெளியார் நடத்தும்போது டிக்கெட்டை யார் விற்பது, எந்தச் செயலியில் விற்பது என்பதை நிகழ்ச்சியை நடத்துபவர்தான் முடிவு செய்கிறார். ஆகவே ஒரே அரங்கத்தின் இந்த வார நாடகத்துக்கு ஒரு செயலியிலும், அடுத்த வாரக் கச்சேரிக்கு வேறொரு செயலியிலும், இன்னொன்றுக்கு மாட்டுங்காவில் ஏதோ ஒரு கடையிலும் டிக்கெட் கிடைக்கும் நிலை இருக்கிறது. இந்த அலைச்சலைத்தான் மோசடிக்காரர்கள் முதலீடாகக் கொள்கிறார்கள். 2023-ல் பாந்த்ரா குர்லா வளாகத்தில் புதிய கலை மையம் திறக்கப்பட்டு, வெளிநாட்டு இசை நாடகங்கள் மும்பைக்கே வரத் தொடங்கிய பிறகு, ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்குவது பலருக்கும் பழகிவிட்டது. விலை கூடுதலாக இருந்தால் சந்தேகம் வந்த காலம் போய்விட்டது.

நாங்கள் வாங்கியது அவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு அல்ல. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவின் நகைச்சுவை நாடகம். தமிழ் நாடகக் குழுக்கள் மும்பைக்கு முன்போல அடிக்கடி வருவதில்லை என்பதால், என் அப்பா இதற்காக மிகுந்த ஆவலோடு இருந்தார். அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, படி ஏற முடியாது. எனவே தரைத்தளத்தில் முன்வரிசை வேண்டும் என்பது ஒன்றே எங்கள் தேவை. அரங்கத்தின் பெயரைக் கைபேசியில் தேடியபோது எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது அந்தப் பக்கம். அரங்கத்தின் முகப்புப் படம், மாதவாரியாக நிகழ்ச்சிப் பட்டியல், நிறம் தீட்டிய இருக்கை வரைபடம் என எல்லாமே ஒழுங்காக இருந்தன. இணைய முகவரியிலும் அரங்கத்தின் பெயர் அப்படியே இருந்தது. அதன் வாலில் ‘டிக்கெட்ஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் ஒட்டியிருந்தது.

பின்னர் அதே பக்கத்தை நிதானமாக மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தேன். தேடலில் வந்த இணைப்பின் மேல் அது விளம்பரம் என்று மிகச் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு கர்நாடக இசைக் கச்சேரி ‘காமெடி’ பிரிவில் கிடந்தது. தேதியே அறிவிக்கப்படாத ஓர் இசை நாடகத்துக்கு, ‘விரைவில்’ என்று போட்டுவிட்டு, வரிசை எண்ணோடு இருக்கை விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்தில், தாங்கள் மறுவிற்பனைச் சந்தை மட்டுமே என்றும், அரங்கத்தோடு தொடர்பற்றவர்கள் என்றும், விலை டிக்கெட்டில் அச்சிட்டதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. கைபேசியில் பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறவரின் கண்ணுக்கு அந்த வரிகள் வரவே வராத வகையில்தான் பக்கம் அமைக்கப்பட்டிருக்கிறது.

பணம் வாங்கிய விதத்தையும் சொல்கிறேன். தரைத்தளம் மூன்றாவது வரிசை, ஒரு டிக்கெட் 1,100 ரூபாய் என்று காட்டியது. நான்கு பேருக்கு 4,400. இருக்கைகளைத் தேர்ந்தெடுத்ததும் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கி, இந்த விலையில் கடைசி நான்கு இருக்கைகள் இவைதான் என்று அவசரப்படுத்தியது. கடைசித் திரையில் சேவைக் கட்டணம் 880, நாங்கள் கேட்காமலே சேர்க்கப்பட்ட ‘இருக்கை உறுதிக் காப்பு’ 120, அதற்கு மேல் 18 சதவீத வரியாக 972 என்று ஏறி, மொத்தம் 6,372 ரூபாய் ஆனது. ரசீதில் வரி என்று போட்டிருந்ததே தவிர, ஜிஎஸ்டி பதிவு எண் எங்கும் இல்லை. வரி வாங்குகிறவர் தம் 15 இலக்கப் பதிவு எண்ணை ரசீதில் போட்டாக வேண்டும். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால் அது யாருடையது என்பது தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நாடகம், கச்சேரி ஆகியவற்றுக்கு ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்த நாடகத்தின் முன்வரிசை டிக்கெட்டைக் குழுவினர் விற்ற விலையே 500 ரூபாய்தான் என்பது எங்களுக்கு வாசலில்தான் தெரிந்தது.

டிக்கெட் நாடகத்தன்று மதியம்தான் மின்னஞ்சலில் வந்தது. தாமதமாக அனுப்புவதை மட்டும் வைத்து யாரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. முறையான செயலிகளிலும் சில நிகழ்ச்சிகளுக்கு கியூஆர் குறியீட்டைக் கடைசி நேரத்தில்தான் தருகிறார்கள். ஆனால் எங்களுக்கு வந்தவை வேறு யாரோ ஒருவரின் டிக்கெட்டுகளின் திரைப்பிடிப்புகள். வாங்கியவர் பெயரும் விலையும் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம் இழுக்கப்பட்டிருந்தது. நான்கும் இரண்டாவது பால்கனி. அதிலும் இரண்டு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம். அந்தப் பக்கத்தில் இருந்த எண்ணுக்கு விடாமல் அழைத்தோம். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்ற பதிவுக் குரலைத் தவிர யாரும் பேசவில்லை.

வாசலில் நாடகக் குழுவுக்காக டிக்கெட் சரிபார்த்துக்கொண்டிருந்த இளைஞர் தமிழர். முதல் இரண்டு குறியீடுகளைக் கருவி ஏற்றது. மூன்றாவதைக் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. “அக்கா, இந்த டிக்கெட்ல ஏற்கெனவே ஆள் உள்ளே போயாச்சு. இன்னிக்கு இது மாதிரி நிறைய வந்துட்டிருக்கு,” என்றார். பிறகு கருவியின் திரையைத் திருப்பிக் காட்டினார்: எங்கள் டிக்கெட்டுகளின் உண்மையான விலை தலைக்கு 300 ரூபாய். அதாவது 1,200 ரூபாய் மதிப்புள்ள இருக்கைகளுக்கு, அவற்றிலும் இரண்டு செல்லாதவை என்ற நிலையில், எங்களிடம் ஐந்து மடங்குக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். ஒரே கியூஆர் படத்தைப் பலருக்கு அனுப்பிவிட்டால், முதலில் வாசலுக்கு வருகிறவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

அரங்கம் நிரம்பிவிட்டிருந்தது, மணியும் அடித்துவிட்டது. செல்லுபடியான இரண்டு டிக்கெட்டுகளை வைத்துக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் அனுப்பலாம் என்றால், இரண்டாவது பால்கனிக்கு அவரால் ஏற முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்த குழுவின் மேலாளர், “பெரியவர் நிக்க வேண்டாம், உள்ளே வாங்க ஐயா,” என்று சொல்லி, தங்கள் ஆட்களுக்காக வைத்திருந்த பக்கவாட்டு நாற்காலிகள் இரண்டை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தார். பணம் எதுவும் வாங்க மறுத்துவிட்டார். இந்த மோசடியில் பெயர் கெடுவது அவர்களுக்கும்தான். வாசலில் கோபப்பட்ட பலர் குழுவினரைத்தான் திட்டினார்கள். நானும் என் கணவரும் வெளியே அமர்ந்திருந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு, நிபந்தனைகளின்படி மறுவிற்பனை டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்று ஒரே பதில் வந்தது. ‘இருக்கை உறுதிக் காப்பு’ எதற்கு என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நாங்கள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறுவதை, கோரியிருக்கிறோம். பக்கத்தில் காட்டிய இருக்கை எண்களின் படம், ரசீது, வந்த டிக்கெட்டுகள், வாசலில் கருவி காட்டிய செய்தியின் புகைப்படம் ஆகியவற்றை வங்கி கேட்டது. அந்த இளைஞர் பொறுமையாகப் புகைப்படம் எடுக்க விட்டதால்தான் கடைசிச் சான்று எங்களிடம் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிந்திருக்கிறோம். பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் விலையை ஏற்றுவது ஆகிய மூன்றுமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களுள் அடங்கும். பணம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடந்தது இதைவிட மோசம். அவர்கள் தேதி அறிவிக்கப்படாத அந்த இசை நாடகத்துக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பியிருந்தார்கள். டிக்கெட் வராததால் கோபத்தில் சமூக ஊடகத்தில் எழுத, சற்று நேரத்தில் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இந்தியில் மிகப் பணிவாக அழைத்தார். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண்ணை இடச் சொன்னார். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. அந்த எண்ணை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். அவர்களுடைய கணக்கிலிருந்து மேலும் 9,000 ரூபாய் போய்விட்டது. இத்தகைய நேரத்தில் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தகவல் போனால் முடக்க வாய்ப்பு உண்டு. தாமதம் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும்.

டிக்கெட் வாங்குவதற்கு முன் அரங்கத்தின் அலுவலகத்தையோ நிகழ்ச்சியை நடத்தும் குழுவையோ தொலைபேசியில் அழைத்து, எங்கே விற்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். அந்த எண்ணைத் தேடலின் உச்சியில் வரும் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். குழுவின் சுவரொட்டியிலோ சபா உறுப்பினர்களுக்கு அனுப்பும் அழைப்பிதழிலோ இருப்பதை எடுங்கள். அடுத்த மாத நிகழ்ச்சிகளுக்கு ஏற்கெனவே இத்தகைய பக்கத்தில் வாங்கியவர்கள், நாடகத்தன்று வாசலுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கை எண்ணோடு நடத்துபவரை இப்போதே அழைத்துக் கேளுங்கள், பக்கத்தில் உள்ள விவரங்கள் மாற்றப்படுவதற்குள் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கு இன்றே எழுதுங்கள். வங்கிக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் தமிழ், ஆங்கில வடிவங்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன; வேண்டுபவர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.