ஹாலஜனா, எல்இடியா: நடுவழியில் ஹெட்லைட் அணைந்தால்

மோட்டார் சைக்கிள் விளக்குகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எது அதிக வெளிச்சம் தருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரவில் தொப்பூர் கணவாயைக் கடந்து சேலம் போகிறவருக்கு, விளக்கு அணைந்துவிட்டால் அந்த இடத்திலேயே என்ன செய்ய முடியும் என்பதுதான் பெரிய கேள்வி.

ஹாலஜன் விளக்கை எவரும் சரிசெய்துவிடலாம். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் எச்எஸ்1 எனப்படும் 35/35 வாட் பல்பும், சற்றுப் பெரிய வண்டிகள் பலவற்றில் எச்4 எனப்படும் 60/55 வாட் பல்பும் இருக்கும். டூம் எனப்படும் ஹெட்லைட் கூட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஒயர்களைப் பல்போடு இணைக்கும் மூன்று முனை கப்ளரை உருவி, ரப்பர் மூடியை விலக்கி, கம்பிக் கிளிப்பை அழுத்தினால் பல்பு கையோடு வந்துவிடும். புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது; விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். மாற்றுப் பல்பு இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள் இருப்பதால், டிம் இழை அறுந்தால் பிரைட்டைப் போட்டு, எதிரே வருபவர் கண் கூசாதபடி டூமைச் சற்றுக் கீழே சாய்த்துக்கொண்டு வீடு சேரலாம். வெளிச்சம் போதவில்லை என்று 35 வாட் பல்புக்குப் பதிலாக 60 வாட் பல்பை மாட்டுவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அந்தச் சூட்டில் கப்ளர் உருகிவிடக்கூடும்.

ஆனால் ஹாலஜன் பல்பின் ஆயுள் சில நூறு மணி நேரம்தான். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பதால், பகலிலும் அந்த ஆயுள் கரைகிறது. குண்டும் குழியுமான சாலையின் அதிர்வில் இழை இன்னும் விரைவாக அறும்.

கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வரும் எல்இடியில் அறுவதற்கு இழையே இல்லை. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வெளிச்சம் தருகிறது. கெட்டுப்போவது அரிது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வெப்பமோ உள்ளே புகுந்த நீரோ அதன் மின்சுற்றைக் கெடுத்துவிட்டால், கண்ணாடியோடு ஒட்டி மூடப்பட்ட அந்த விளக்கைச் சாலையோர மெக்கானிக் பிரித்துப் பார்க்க முடியாது. பல வண்டிகளில் முழு விளக்கையே மாற்ற வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் போகும், பொருள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

ஹாலஜன் டூமுக்குள் கடையில் வாங்கிய எல்இடி பல்பைச் செருகுவது மூன்றாவது வழி. டூமின் வளைவு, இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. எல்இடி சில்லுகள் அதே இடத்தில் அமையாவிட்டால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணில் பாய்கிறது. அந்தப் பல்பைக் குளிர்விக்கும் பின்புற விசிறி இடிப்பதால் ரப்பர் மூடி சரியாக உட்காராமல், மழைநீரும் உள்ளே போகிறது. பழைய பல்பை மீண்டும் மாட்டிவிடலாம் என்பது ஒன்றே இதில் உள்ள வசதி.

கிராமத்துச் சாலைகளில் இரவில் அதிகம் ஓடுகிறவருக்கு ஹாலஜனையும், சர்வீஸ் சென்டர் பக்கத்தில் உள்ளவருக்குக் கம்பெனி எல்இடியையும் பரிந்துரைப்பேன். எந்த விளக்கானாலும், அணைந்ததும் முதலில் பியூஸைப் பாருங்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்புங்கள். விளக்கு ஒரு கணம் மின்னினால், ஹேண்டில் கழுத்தில் மடிந்து மடிந்து ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது என்று பொருள், அதை ஒரு துண்டு ஒயரும் இன்சுலேஷன் டேப்பும் சரிசெய்துவிடும். அப்படியும் எரியாத எல்இடியோடு ஓட்டிப் போகத் துணியாமல், இண்டிகேட்டரை ஒளிரவிட்டு, பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை வண்டியைச் சாலையோரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.