98 காட்டும் ‘திசு ஆக்ஸிஜன் மீட்டர்’: 14,500 ரூபாய் போச்சு

அப்பாவுக்குச் சுகர் வந்து இருபது வருஷம். இடது கால் பெருவிரல் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறதென்று பார்க்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, ஊசி குத்தாமல் வெளிச்சத்தாலேயே திசு ஆக்ஸிஜனை அளக்கும் கருவி என்று போனில் ஒரு விளம்பரம். விற்பவரைக் கூப்பிட்டேன். “கொரோனா டைம்ல வாங்கினீங்களே, அது ரத்தத்தை மட்டும் பார்க்கும் சார். இது சதைக்குள்ளயே பார்க்கும்.” பணம் கட்டிவிட்டேன்.

வந்தது விரலில் மாட்டும் கிளிப். கால் விரலில் மாட்டினால் தினமும் 97, 98. கால் தேறுகிறது என்று நம்பி, டாக்டரிடம் போவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டோம். பணத்தைவிட அதுதான் வயிற்றெரிச்சல்.

கட்டு மாற்றும் சிஸ்டர்தான் குட்டை உடைத்தார். என் விரலில் கிளிப்பை மாட்டி, அதே கையில் பிபி பட்டையைக் கட்டி இறுக்கக் காற்றடித்தார். கொஞ்ச நேரத்தில் எண் மறைந்து வெறும் கோடு. “இது சாதா ஆக்ஸிமீட்டர்தாண்ணே.”

டாக்டர் விளக்கினார். ஆக்ஸிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 அகச்சிவப்பு ஒளியும் விட்டு, நாடியோடு ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுக்கும். 1970-களில் ஜப்பானில் டகுவோ அயோயாகி கண்ட வழி. அது சொல்வது இதயத்திலிருந்து வரும் தமனி ரத்தத்தின் கணக்கு. காலுக்குப் போகும் ரத்தம் குறைந்திருந்தாலும், போகிற கொஞ்சத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருந்தால் 97 காட்டும். நிஜமான திசு மீட்டர், ‘நிர்ஸ்’ என்பார்கள், நாடியை நம்பி இல்லை. தோலில் ஒட்டும் பட்டையில் ஓரிடத்தில் ஒளி உள்ளே போகும், சில சென்டிமீட்டர் தள்ளித் திரும்பி வருவதைப் பிடிக்கும். ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் சிரை ரத்தமும் சேர்ந்த கணக்கு என்பதால் பெரும்பாலும் 60-லிருந்து 80-க்குள்தான் நிற்கும். காற்றடித்து ஓட்டத்தை நிறுத்தினால் எண் மறையாது, மெல்ல இறங்கும். அதிலும் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிட முடியாதாம். இதய ஆபரேஷனில் நெற்றியில் ஒட்டி மூளையைக் கவனிப்பது இந்த வகை மீட்டரால்தான்.

அந்த 98-ஐப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

திருப்பிக் கேட்டால், “பெட்டி பிரிச்சாச்சே சார்.” பில்லை எடுத்துப் பார்த்தேன்: ‘பல்ஸ் ஆக்ஸிமீட்டர் - 1’. எழுத்தில் உஷாராகத்தான் இருந்திருக்கிறார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் கைவசம் இருந்ததால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாயிற்று. முழங்காலுக்குக் கீழே அடைப்பு. வியாழக்கிழமை ஆஞ்சியோ.